நாய்க்கார ஆயா கேட்டனுப்பிய துணி

போன மாதம் பதுளை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கிழவர் ஈரக் கம்பளிக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார். மழை அந்தக் கோட்டில் ஊறி, எஞ்சின் சூட்டில் மெல்ல ஆவியாகி, பஸ் முழுக்க ஒரு வாடையைப் பரப்பியது. புகை, ஆட்டு மயிர், என்றைக்கோ பெய்த பழைய மழை. மற்றவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். நான் முன்னால் சாய்ந்தேன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடுத்த நம் தாய்மார் தலையில் போட்டு முதுகில் வழியவிட்ட கறுப்புக் கம்பளி உங்களுக்கும் தெரியும். அது அடுப்படியில் காயும்போது வீடே ஒரு பெரிய ஈர மிருகம் போல மூச்சுவிடும். அந்த வாடை பிடித்து இழுத்துக்கொண்டு போனது என்னை ஒரு மழைக்காலத்துக்கு. ஒரு நாய்க்குட்டிக்காக நாங்கள் காத்திருந்த மழைக்காலம்.

எழுபதுகளின் கடைசி. நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைக்கோடியில், லயத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் எங்கள் வீடு. அதில் அப்பா, அம்மா, நான், தம்பி, கல்யாணமாகாத சித்தப்பா.

முந்தின வருடம் தமிழர் வீடுகளைக் கொளுத்திய கலவரம் வந்து போயிருந்தது. எங்கள் தோட்டத்துக்கு நெருப்பு வரவில்லை. நெருப்பு வருகிறது என்ற சேதி மட்டும் வந்தது. அந்தச் சேதிக்கே நாங்கள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் முகம் புதைத்துக் கிடந்தோம். அதற்குப் பிறகு நம் ஜனங்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். தெரியாத லொறியை, தெரிந்த லொறியை, சிரிக்கிறவனை, சிரிக்காதவனை. காற்றில் தகரம் தட்டினால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டே, “ஒரு நாய் வேணும்” என்றார்.

“லயத்துல இல்லாத நாயா?” என்றாள் அம்மா.

“அதுங்களா? எச்சிச் சோத்துக்கு வளந்ததுங்க அண்ணி” என்றார் சித்தப்பா. “ஒரு துண்டுப் பாண் போட்டா திருடனுக்கு வெளக்குப் புடிச்சிக்கிட்டு முன்னால போகும்.”

அல்சேஷன் வேண்டும் என்று அப்பா முடிவுசெய்தார். காது நிமிர்ந்த, ஓநாய் முகமுள்ள, துரைமார் பங்களாவில் நிற்கிற நாய். அது எங்கே கிடைக்கும் என்பதைப் புடவைக்கார நானா கொண்டுவந்தார். பதுளைக் கடைவீதியிலிருந்து துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்கிற முஸ்லிம் வியாபாரி அவர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். சீத்தைத் துணியோடு சேதியையும் விற்பார். சேதிக்கு மட்டும் விலை இல்லை.

“பதுளை டேசனுக்குப் பின்னால ஒரு பொம்புள இரிக்கி” என்றார். “வெள்ளத் தொர பங்களாவுல புள்ளையளப் பாக்குற ஆயாவா நின்டது. தொர சீமைக்குப் போகக்குள்ள சோடி அல்சேசன அதுக்கிட்ட உட்டுட்டுப் போயிட்டார். இப்ப அது குட்டி விக்கிது. நகைக் கடைக்காரனுகளே அதுக்கிட்டத்தான் வாங்குறானுகள்.”

“அப்ப குட்டிய நீங்களே கொண்டாந்து குடுத்துருங்களேன் நானா” என்றாள் அம்மா.

நானா மூட்டையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். “நாயத் தொட்டா நான் ஏழு தரம் கழுவோணும் தங்கச்சி. அதுட ஈர மூக்கு இந்தத் துணியில பட்டா என்ட யாவாரம் முடிஞ்சி. சேதி வேணுன்டா சொமக்கிறேன். சேதிக்கு மூக்கு இல்ல.”

அப்படித்தான் தொடங்கியது. எங்களுக்கும் அந்த முகம் தெரியாத ஆயாவுக்கும் நடுவில் மலைப்பாதையில் ஏறி இறங்கும் ஒரு துணி மூட்டை.

முதல் தடவை அப்பா ஒரு வரி சொல்லியனுப்பினார்: கடுவன் குட்டி ஒன்று வேண்டும், முன்பணம் தருகிறோம். இரண்டு ஞாயிறு கழித்து நானா வந்தார். மழையில் நனைந்த தாடியைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

“முன்பணம் வேணாமாம். குட்டி ஈனியிருக்காம், கண்ணு தெறக்கட்டுமாம். அதுக்கு முன்னால மூணு கேள்வி கேக்கச் சொல்லிச்சி. வீட்டுல எத்தின பேர்? சோறு வெக்கிறது யாரு? அடிக்கிறது யாரு?”

“அடிக்கிறது யாருன்னா?”

“ஒவ்வொரு வீட்டுலயும் ஒராள் அடிக்குமாம் கணக்கப்புள்ள. அது யாருன்டு தெரியோணுமாம்.”

தம்பியும் நானும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா மலையைப் பார்த்தார்.

நானா போனபின் வீடு மூன்றாகப் பிரிந்தது. முன்பணம் வேண்டாம் என்கிற வியாபாரியை உலகத்தில் பார்த்ததில்லை என்றார் அப்பா; கையில் குட்டியே இருக்காது, அல்லது அந்த நானாவே பாதிக் கதையை வழியில் தைத்துக்கொண்டு வருகிறார். சித்தப்பாவிடம் வேறு கதை. டவுனில் நாட்டு நாய்க்குட்டியின் காதை மாவுப் பசை போட்டு நிமிர்த்தி ஒட்டி அல்சேஷன் என்று விற்கிறார்களாம். முதல் மழையில் காது தொங்கிவிடுமாம். அம்மா குரலைத் தணித்தாள்.

“எத்தன பேருன்னு கேக்குறா. யாரு யாருன்னு கேக்குறா. குட்டி விக்கிறவளுக்கு இது எதுக்கு? யாரோ கேட்டு விட்டிருக்காங்க. நம்ம வீட்டுக் கணக்கு யாருக்கோ வேணும்.”

அந்த வருடம் அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

நான் சந்தேகப்பட்டது இவர்களை. இந்தப் பெரியவர்கள் பேசிப் பேசியே குட்டியை வரவிடாமல் செய்துவிடுவார்கள் என்று பயந்தேன். குட்டிக்கென்று ஓரம் பெயர்ந்த ஒரு நீலக் கோப்பைத் தட்டை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பால்மா டின் மூடியில் ஆணியால் துளை போட்டுக் கழுத்துக்கு ஒரு வில்லை செய்தேன். குட்டிக்கு மனசுக்குள் பெயரும் வைத்தேன். அதை இன்றைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. அந்தத் தட்டும் வில்லையும் எந்த மண்ணுக்குள் போயினவோ.

மூன்று கேள்விக்கும் அப்பா பதில் சொல்லிவிட்டார், வீட்டில் வேறு நாய் இல்லை என்பதையும் சேர்த்து. மூன்றாவதற்கு மட்டும், “யாரும் அடிக்க மாட்டோம்” என்று பொய் சொல்லியனுப்பினார். அடுத்து வந்த சேதிதான் வீட்டைக் கலக்கியது.

“குட்டி கண்ணு தெறந்திட்டாம்” என்றார் நானா. “இப்ப ஒரு துணி வேணுமாம். வீட்டுல எல்லாரும் ஒடம்புல போட்ட பழந்துணி. தோச்சிருக்கக் கூடாதாம்.”

அம்மாவின் கையிலிருந்த சுளகு நின்றது. கல்லும் அரிசியும் அப்படியே.

உடம்பில் போட்ட துணியை, அதுவும் துவைக்காததை, ஒரு வீட்டிலிருந்து யார் கேட்பார்கள்? தலைமயிரையும் காலடி மண்ணையும் கேட்கிறவர்கள் கேட்பார்கள். நம் லயங்களில் எந்தத் தாய்க்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காயும் துணியில் ஒரு முனை கிழிந்து காணாமல் போனாலே கோடாங்கியைத் தேடி ஓடிய காலம் அது.

“உடுத்துன துணி எதுக்குக் கேக்குறான்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா, நானா போனதும். “நம்ம அஞ்சு பேர் வேர்வையும் ஒரே துணியில. கட்டி வச்சா போதும், கும்பலா விழுவோம்.”

“வேற ஏதாவது காரணம் இருக்கும்” என்றார் அப்பா.

“என்ன காரணம், சொல்லுங்க.”

  அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிற வழி.

எங்களுக்கு அடுத்த காம்பராவில், லயத்து அறையில், இருந்த குடும்பம் அந்த வருட ஆரம்பத்தில் ஊருக்குப் போயிருந்தது. ஊர் என்றால் இந்தியா. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம்மவர்களை அனுப்பிக்கொண்டிருந்த இந்தியா. நம்மில் பலர் கண்ணால் பார்க்காமலே ‘ஊர்’ என்று சொன்ன இந்தியா. போகும்போது அந்த வீட்டு அக்கா ஆட்டுக்கல்லையும் ஒரு கறுப்புக் கம்பளியையும் அம்மாவிடம் விட்டுப்போனாள். ஊரில் குளிராதாம். அந்தக் கம்பளியை அம்மா எடுத்துச் சுருட்டினாள்.

“இத அனுப்புவோம். அவ என்ன செஞ்சாலும் அந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான் போகும்.”

“பாவம் இல்லியா?” என்றார் அப்பா.

“கடல் தாண்டி செய்வினை போகாது” என்றாள் அம்மா, சுங்கக்காரி மாதிரி.

கம்பளியைத் தன் துணிகளில் படாமல் வாழை இலையில் சுற்றி, கம்பின் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு நானா போனார். நான் வரப்பில் நின்று பார்த்தேன். பச்சைச் சரிவில் அந்தப் பொட்டலம் ஆடி ஆடி இறங்கியது.

பிறகு காத்திருப்பு. மழை. பனி வந்து லயத்தை மூடும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்களின் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பனிக்குள் ஒரு மூட்டையின் உருவத்தைத் தேடினேன்.

நானா வந்த அன்று வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. “எனக்கு இதுல ஒரு பங்கும் இல்ல, சொல்லிட்டேன்” என்றார் முதலில். “ஆயா கோவமா இரிக்கி. நாய் இல்லாத வீடுன்டு சொன்னீங்களாம். ஆனா துணியில நாய் வாடை வருதாம். தாய் நாய் அதுல படுக்க மாட்டேங்குதாம், ஒறுமிக்கிட்டு இழுத்து வெளிய போடுதாம். ‘அந்த நாயி இப்ப எங்க? என்ன செஞ்சாங்க அத?’ன்டு கேக்கச் சொல்லிச்சி.”

அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினாள்.

ஏனென்றால் நாய் இருந்தது. எங்களிடம் இல்லை, அடுத்த காம்பராவில். ஒரு செவலை நாய். அது இரவெல்லாம் அந்தக் கம்பளியின் மேல்தான் படுக்கும். அவர்கள் போன அன்று தோட்டத்து லொறிக்குப் பின்னால் ஓடியது. திருப்பத்தில் லொறி மறைந்தது. நாயும் மறைந்தது. அதைப் பற்றி லயத்தில் யாரும் பேசவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள் அம்மா. “துணியத் தொட்டுப் பாத்து, போன நாயச் சொல்றா. சாதாரணப் பொம்பளையா அவ?” அன்று மாலை மிளகாயும் உப்பும் எங்கள் தலையைச் சுற்றி அடுப்பில் விழுந்தன. நானாவையும் உட்காரவைத்துச் சுற்றப் பார்த்தாள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கும்பிடாத குறையாக ஓடினார். ஓடும்போது கடைசிச் சேதியைச் சொன்னார்: கணக்கப்பிள்ளை நேரில் வர வேண்டும். வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிவர வேண்டும்.

“புள்ளைய எதுக்கு?” என்று அம்மா கத்தினாள். நானா பனிக்குள் போய்விட்டார்.

அப்பா என்னைக் கூட்டிப்போனார். என் பாவாடை ஓரத்தில் அம்மா ஒரு இரும்புத் துண்டை முடிந்து அனுப்பினாள்.

பதுளை ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்டவாளக் கட்டை வைத்துக் கட்டிய வேலி. உள்ளே தகரக் கூரை வீடு. வேலிக்கருகே போனதும் பத்துத் தொண்டையிலிருந்து ஒரே குரைப்பு. “ஷட் அப்!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல், எல்லாம் அடங்கின. குள்ளமான, கறுத்த, நரைத்த பெண். வெள்ளை ரவிக்கை. இடுப்பில் கை.

“கணக்கப்புள்ளையா? செருப்ப வெளிய விடுங்க. பாப்பா, நீ ஓடாத, நட.”

முற்றத்தில் அல்சேஷன் இரண்டுதான். மற்றதெல்லாம் நாட்டு நாய். வெள்ளை, கறுப்பு, ஒரு கண் மூடியது, வால் அறுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா சொன்ன மாவுப் பசை எங்கள் இருவர் மனதிலும் ஒரே நேரத்தில் ஒட்டியது.

சுவரில் ஒரு படம். தலைவாரி, காது தெரிய, சிரிக்காமல் நிற்கிற ஒரு ஆள், உட்கார்ந்திருக்கிற பெண், இரண்டு பிள்ளைகள். ஆயா அதில் இல்லை. “யாரு ஆயா?” என்றேன். “எம் மக” என்றாள், திரும்பாமல்.

மூலையில் சாக்கின் மேல் குட்டி இருந்தது. ஒன்றே ஒன்று. மற்றவை போய்விட்டனவாம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். நான் குந்தி, யாரும் பார்க்காதபோது அந்தக் காதைத் தடவிப் பசை தேடினேன். பசை இல்லை. பால் வாடை. குட்டி என் பாவாடை ஓரத்தைக் கவ்வி, இரும்புத் துண்டைக் கண்டுபிடித்து, அதை முழுக் கவனத்தோடு கடிக்கத் தொடங்கியது.

“மொதல்ல இதச் சொல்லுங்க” என்று ஆயா கம்பளியை அப்பாவின் மடியில் போட்டாள். “இது யாருது?”

அப்பா பொய் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். “அடுத்த காம்பராக்காரங்களுது. ஊருக்குப் போயிட்டாங்க.”

“ஒங்க துணியக் கேட்டா அவங்க துணிய எதுக்கு அனுப்புனீங்க?”

“வீட்டுல… பயந்தாங்க.”

“பயமா? எதுக்கு?” அவளுக்குப் புரிந்தது. உதட்டைக் கோணிச் சிரித்தாள். “நான் சூனியம் வைப்பேன்னா? குட்டி தாய விட்டுப் புது வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா அழும் ஐயா. நீங்க போட்டு மிதிப்பீங்க. அந்த வீட்டு வாடையில முன்னாலயே படுத்துப் பழகுனா அழாது. தொரசாணி செஞ்சது, நான் பாத்தது. அவ்வளவுதான்.” சிரிப்பு நின்றது. “அந்தக் காம்பராக்காரங்க நாயி?”

“லொறிக்குப் பின்னாடி ஓடுச்சு.”

“ம். இங்க வரைக்கும் ஓடி வர்றதும் உண்டு. கோச்சியில சனம் ஒப்பாரி வச்சிக்கிட்டு ஏறும். கோச்சி போயிரும். பிளாட்பாரத்துல நாயி நிக்கும்.” முற்றத்தைத் தாடையால் காட்டினாள். “இதுங்க எல்லாம் அப்பிடி நின்னதுதான்.”

நான் எழுந்து வாசலுக்குப் போய் அந்த நாய்களுக்குள் செவலையைத் தேடினேன். இல்லை.

“நீங்க ஊருக்குப் போறீங்களா கணக்கப்புள்ள?”

“இல்ல” என்றார் அப்பா. உடனே சொன்னார்.

ஆயா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைச் சர்க்கரையாக்கினாள். பங்களாவில் பிள்ளை வளர்த்த குரல்.

“பாப்பா டவுனுக்கு வந்திருக்கியா முன்னால?”

“வந்திருக்கேன்” என்றேன். எனக்குப் பெருமை. “எல்லாரும் வந்தோம். போட்டோ புடிச்சோம்.”

அந்த நாளை அவளிடம் கொட்டினேன். ஸ்டூடியோவில் தம்பி பிளாஸ்டிக் பூவைக் கையில் எடுத்ததும் போட்டோக்காரர் பிடுங்கி வைத்தது. அம்மாவின் முக்காட்டைத் தள்ளி, “காது தெரியணும்மா” என்றது. நான் சிரித்தபோது, “சிரிக்கப்புடாது” என்றது. சித்தப்பாவைத் தனியாக நிறுத்திப் பிடித்தது.

“ஐயோ, அழகா இருந்திருக்குமே! செவுத்துல மாட்டிட்டீங்களா?”

“இல்ல. அப்பா பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டிட்டாரு.”

 குட்டி இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. ஷண்டிங் இஞ்சின் ஒன்று எங்கோ பெருமூச்சு விட்டது.

அந்தப் படம் இந்தியாவுக்குப் போகும் பாஸ்போர்ட்டுக்கு. குடும்பத்தோடு, காது தெரிய, சிரிக்காமல், பூ இல்லாமல் எடுக்கிற படம் எதற்கு என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நாங்கள் போகப்போகிறவர்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படி, ஒரு நாய்க்காரியின் வீட்டில், அவளுக்கு நானே சொல்லி.

அப்பாவின் முகம் கறுத்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் மிகவும் சின்னதாக வந்தது. “எழுதிப் போட்டிருக்கு. காயிதம் வர எத்தன வருசமோ. வருமோ வராதோ. அதுவரைக்கும் எம் புள்ளைங்க ராத்திரியில கண்ணசரணும் ஆயாம்மா. கதவுகிட்ட ஒரு நாய் கெடந்தா அசருவாங்க. அதுக்குத்தான் கேட்டேன். வெளையாட்டுக்குக் கேக்கல.”

“தெரியுது” என்றாள் ஆயா. “காயிதம் வந்த பெறகு?”

அப்பா கம்பளியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

ஆயா குட்டியின் வாயை இரண்டு விரலால் திறந்து என் பாவாடையை விடுவித்தாள். குட்டியைத் தூக்கித் தன் தோளில் போட்டாள், ஏப்பம் விடுவிக்கிற கைக்குழந்தையைப் போல. அது அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தது.

அது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நகைக் கடைக்காரன் அதிக விலை பேசியிருப்பான், போட்டோ ஒரு சாக்கு என்றார் சித்தப்பா. அம்மா, நல்லதே நடந்தது என்று முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். எங்களுக்குக் காகிதம் வந்தபோது, சண்டை மூண்டு, இந்தியாவுக்குக் கப்பல் ஓடவில்லை. நாங்கள் எங்கும் போகவில்லை. அந்தக் குட்டி எங்களோடு அதன் ஆயுள் முழுக்க இருந்திருக்கலாம். ஆயா தப்புக் கணக்குப் போட்டாளா? அல்லது கப்பல் ஓடியிருந்தால், அப்பா அதைத் திருப்பத்தில் ஓடவிட்டிருப்பாரா? அப்பா நல்ல மனிதர். அடுத்த காம்பராக்காரர்களும் நல்ல மனிதர்கள்தான். இத்தனை வயதுக்குப் பிறகும் என்னால் அவருக்காக ஜாமீன் நிற்க முடியவில்லை. வேறொரு நாள், வளர்ந்தபின், ஸ்டேஷனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேலி இருந்தது. குரைப்பு இல்லை. அங்கிருந்தவர்களுக்கு ஆயா என்று யாரையும் தெரியவில்லை.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டியிருந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன், சத்தம் வராமல் அழுதால் பெரியவர்களுக்கு வலிக்கும் என்று கண்டுபிடித்த வயது. ஆயா படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போகலேன்னா வாங்க கணக்கப்புள்ள. அடுத்த ஈத்துல தர்றேன்.”

அப்பா நடந்துகொண்டே, பழிக்குப் பழி வாங்குகிற குரலில் கேட்டார். “அப்ப நீங்க இருப்பீங்களாக்கும்? நீங்களும் எழுதிப் போட்டிருக்கீங்களோ என்னமோ, யாரு கண்டா?”

“நானா?” என்றாள் ஆயா. “என்னய எந்தப் போட்டோவுல சேத்தாங்க, நான் போறதுக்கு? நடங்க, நடங்க, பஸ்ஸு போயிரும்.”